மஞ்சள் வேட்டியில் என் பெயர்கள்

எனக்கு முறைப்படி வைத்த பெயர்கள் இரண்டு. முதல் பெயர் காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரில் நான் பிறந்த வீட்டில் வைத்தது. இரண்டாவது, 1989இல் பள்ளத்தூர் வீட்டுக்கு என்னைப் பிள்ளை கூட்டியபோது, அதாவது தத்தெடுத்தபோது, வைத்தது. அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் பெயரை விலாசத்தோடு எழுதினால் எந்த ஊர், எந்த வீடு, யார் பேரன் என்று படிக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்தப் பதிவில் வருகிறவர்கள் பலர் அந்த வீடுகளில்தான் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அடையாளத்தை ஊருக்கு எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாசியில் பள்ளத்தூர் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், நான் செய்த ஒரு நிகழ்த்துகலையை (கலைஞர் தானே ஆட்கள் முன்னால் ஒன்றை நிஜமாகச் செய்கிற கலை) பற்றி எழுத வேண்டும் என்று பலர் கேட்டார்கள். வந்து பார்த்தவர்களைவிட வராதவர்களே அதிகம் கேட்டார்கள். என்ன செய்தேன் என்பதைவிட, அதை ஏன் செய்ய வேண்டியிருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்தார் வீட்டில் ஆண் வாரிசு இல்லையென்றால் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்வது பழைய வழக்கம். சின்னப் பையனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கல்யாணமானவரைக் கூட்டியதும் உண்டு. கூட்டியவுடன் விலாசம் மாறும். அதாவது பெயருக்கு முன்னால் வருகிற, அந்த வீட்டு முன்னோரைச் சொல்கிற எழுத்துகள் மாறும். பெயரும் மாறலாம். எங்களில் பேரனுக்கு ஐயா பெயரை, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரை, வைப்பதுதான் முறை. பள்ளத்தூர் ஐயாவின் பெயரை எடுக்க அந்த வீட்டில் பேரன் இல்லை. அதற்காகவும்தான் நான் போனேன்.

பெயர் மாறியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. முறை மாறியதுதான் தெரிந்தது. அப்பச்சி என்றால் எங்களில் அப்பா, ஆத்தா என்றால் அம்மா. முந்தின நாள்வரை அப்பச்சி என்று கூப்பிட்டவர் சித்தப்பா ஆனார். என்னைப் பெற்ற ஆத்தா சின்னாத்தா ஆனார். பெரியாத்தா, ஆத்தா ஆனார். கூடப் பிறந்த அண்ணன் ஒன்றுவிட்ட அண்ணன் ஆனான். கோட்டையூருக்கும் பள்ளத்தூருக்கும் சைக்கிளில் போய்விடலாம். ஆள் யாரும் தொலைந்துபோகவில்லை. எல்லோரையும் அடிக்கடி பார்த்தேன், எல்லோரும் என்னிடம் பிரியமாகவே இருந்தார்கள். ஆனால் வாய் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி நின்று, சரியான சொல்லை எடுத்து, அப்புறம்தான் கூப்பிட்டது. அந்த ஒரு நொடி இன்றுவரை போகவில்லை.

பிள்ளை கூட்டிய நாளைப் பற்றி நினைவில் இருப்பது கொஞ்சம்தான். மாக்கோலம், புது வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் கட்டிவிட்டது, வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள் நீர். சித்தப்பா என் வலது கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பள்ளத்தூர் அப்பச்சி கையில் வைத்தார். அவ்வளவு பேர் பேசிய அந்தக் காலைப் பொழுதில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தச் சடங்கில் பையனுக்கு வசனம் கிடையாது.

வளர்ந்து, பத்திரங்களில் பெயரைச் சரிசெய்ய அலைந்த காலத்தில்தான் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தைப் படித்தேன். அதன் 11ஆம் பிரிவு என்னை உட்கார வைத்துவிட்டது. தத்த ஹோமம் செய்வது கட்டாயமில்லை என்கிறது அது. ஆனால் பிள்ளையை உண்மையிலேயே கொடுக்க வேண்டும், உண்மையிலேயே வாங்க வேண்டும், ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு மாற்றும் எண்ணத்தோடு அதைச் செய்ய வேண்டும் என்கிறது. மந்திரம் இல்லாமல் போகலாம். கை மாறாமல் இருக்கக் கூடாது. ஒரு ஆள் இன்னொரு ஆளாக ஆவதற்குச் சட்டம் கேட்பது ஒரு உடல் செயலை, அதையும் பெற்றவர்களும் வாங்கிக்கொள்கிறவர்களும் முன்நின்று செய்வதை. எனக்கு நடந்ததும் அதுவேதான். என் அடையாளம் உள்ளுக்குள்ளே எங்கோ ஒளிந்திருந்து ஒருநாள் கண்டுபிடித்த பொருள் இல்லை. அதைச் சிலர் ஒரு நல்ல நாள் பார்த்து, வளவில் நின்று, கையால் செய்தார்கள்.

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். இப்போது காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் ஆசிரியர். படிக்கிற காலத்தில் நிகழ்த்துகலை என்றால் எனக்கும் ஒன்றும் புரியாது. ஏதோ வெளிநாட்டில் உடம்பை வருத்திக்கொள்கிறவர்கள் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். அடையாளத்தை வைத்து வேலை செய்த சிலரைப் பற்றிப் படித்த பிறகுதான் அது என் விஷயம் என்று பட்டது.

ஏட்ரியன் பைப்பர் என்று ஒரு அமெரிக்கக் கலைஞர். தத்துவப் பேராசிரியராகவும் இருந்தவர். வெளிர் நிறம் கொண்ட கறுப்பினப் பெண். 1973இலிருந்து 1975வரை, சுருட்டை விக், மீசை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு ஆணாகத் தெருவில் நடந்தார். நடந்துகொண்டே தன் பழைய டைரியிலிருந்து எடுத்த வரிகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தன்னுடைய சொந்த நினைவு, இன்னொரு ஆளின் வாயிலிருந்து வந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான். பின்னால் 1986இல் சிறிய அட்டைகள் அச்சடித்து வைத்துக்கொண்டார். அவர் கறுப்பினத்தவர் என்று தெரியாமல் விருந்துகளில் யாராவது இனவெறியோடு பேசினால், நான் கறுப்பினத்தவள், நீங்கள் அப்படிப் பேசியபோது அது உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று சொல்கிற அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார். 2012இல் தன் 64ஆம் பிறந்த நாளுக்குக் கறுப்பினத்தவராக இருப்பதிலிருந்து ஓய்வு பெறுவதாகவே அறிவித்தார். மற்றவர்கள் ஒட்டிய சீட்டை எடுத்துத் தன் கையால் வேறொன்று எழுதிக்கொண்டார். இதைப் படித்த அன்று ராத்திரி வெகுநேரம் மாடியில் நடந்துகொண்டிருந்தேன்.

டெச்சிங் ஷியே தைவான்காரர். 1974இல் கப்பலிலிருந்து இறங்கி அமெரிக்காவுக்குள் போனவர். 1988இல் பொது மன்னிப்பில் குடியுரிமைக்கு வழி கிடைக்கும்வரை காகிதமில்லாத ஆள். நிகழ்த்துகலையாகவே அவர் ஒரு வருடம் கூண்டுக்குள் இருந்தார். அடுத்து ஒரு வருடம் மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், தொழிற்சாலைக் கடிகாரத்தில் அட்டை குத்தினார். அந்தக் காலத்து அறிவிப்புகளில் கையெழுத்தைப் பாருங்கள். சாம் ஷியே என்று இருக்கும். புது நாட்டுக்காக எடுத்துக்கொண்ட பெயர். அப்புறம் அதை விட்டுவிட்டுப் பிறந்த பெயருக்கே திரும்பினார். கூண்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். என் கண் அந்தக் கையெழுத்தில்தான் நின்றது.

லின் ஹெர்ஷ்மன் லீசன் என்ற அமெரிக்கக் கலைஞர் 1973இல் ராபர்ட்டா பிரைட்மோர் என்று ஒரு பெண்ணையே உண்டாக்கினார். அந்த இல்லாத பெண்ணுக்கு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, வாடகை வீடு எல்லாம் இருந்தன. 1978இல் இத்தாலியில் ஒரு சடங்கு செய்து அவளை முடித்துவைத்தார். எனக்கோ இதற்கு நேர்மாறான சிக்கல். ஒரு காலத்தில் ஒரு அலுவலகத்தில் என் ஆறாம் வகுப்புச் சான்றிதழையும் கல்லூரிச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதுல நீங்க எந்த ஆள்?" என்று கேட்டார்கள். ஆள் நான்தான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். காகிதம் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, இதெல்லாம் படித்தது. செய்ய வைத்தது வேறு. கோட்டையூர்ச் சித்தப்பா, என்னைப் பெற்றவர், காலமானார். கொள்ளி வைத்தது அண்ணன். அதுதான் முறை. நான் பங்காளிகளோடு நின்றேன். அதுவும் முறைதான். துக்கம் கேட்க வந்தவர்கள் அண்ணன் கையைப் பிடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார்கள். யாரிடமும் கோபம் வரவில்லை. ஆனால் அன்று அந்த வரிசையில் நின்றபோது, 1989இல் பேசாமல் நின்ற பையனாகவே இன்னும் நிற்கிறேன் என்று தோன்றியது. அந்தச் சடங்கை நான் இன்னொரு தடவை செய்ய வேண்டும், இந்தத் தடவை என் கையால் செய்ய வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நாடகமாக எழுதலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நாடகத்தில் யாரோ ஒருவர் நானாக நடிப்பார், அல்லது நான் சின்ன வயது நானாக நடிப்பேன். சாமியாடுகிறவரிடம் அந்த நேரத்தில் ஆள் மறைந்து சாமி பேசும். இந்த இரண்டும் எனக்கு வேண்டாம். வேடம் இல்லாமல், நான் நானாகவே அந்த வளவில் உட்கார வேண்டும். வருகிறவர்களும் என் உண்மையான உறவுகளாக வர வேண்டும். அவர்கள் சொல்வதும் செய்வதும் அன்றைக்கு நிஜமாகவே நடக்க வேண்டும், மறுநாள் அதன் விளைவோடு நாங்கள் எல்லோரும் வாழ வேண்டும். இப்படி ஒரு வடிவம் நிகழ்த்துகலையில்தான் இருக்கிறது.

இடத்தைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. செட்டிநாட்டு வீடுகள் பலருக்கும் பின்னணி. பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் படத்தில் நன்றாக விழும் என்று படப்பிடிப்புக்கு வருகிறார்கள். வரட்டும், அந்த வாடகையில் சில கூரைகள் ஒழுகாமல் நிற்கின்றன. ஆனால் ஒருவர் தன் அடையாளத்தை வைத்து ஒரு வேலை செய்யும்போது, சம்பந்தமில்லாத வீட்டை அழகுக்காகப் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா என். இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி. 2000இலிருந்து 2004வரை புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களைப் பற்றி அவர் செய்த புகைப்பட வரிசையில், ரவிவர்மாவின் லட்சுமியாகத் தானே நின்றார். எங்கள் முகப்பில் மாட்டியிருக்கிற அதே லட்சுமி. நாம் தினமும் விழுந்து கும்பிடும் படத்துக்குள் ஒரு பெண் தன் சொந்த முகத்தோடு போய் நின்றால், அந்தப் படம் அதற்கு முன்னால் இருந்த மாதிரி இருப்பதில்லை. எனக்கும் என்னை எங்கே கைமாற்றினார்களோ அந்த வளவுதான் வேண்டியிருந்தது. வேறு வளவு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன் இல்லை.

பொருள் என்ன என்பதில் எனக்கு அதிகம் யோசனை தேவைப்படவில்லை. மஞ்சள். ஆலத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும், மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறமி, சுண்ணாம்பின் காரத்தன்மையில் நிறம் மாறுகிறது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாகிவிடும். எட்டு முழ வேட்டி ஒன்றை விரலி மஞ்சள் இடித்துக் காய்ச்சிய நீரில் முக்கி நிழலில் உலர்த்தினேன். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி எழுதிப் பார்த்தேன். ரொம்ப நீர்த்தால் எழுத்து பரவுகிறது, கெட்டியாக இருந்தால் காய்ந்து பொரிகிறது. மெல்லிய மோர்ப் பதம் சரியாக வந்தது. எழுதும்போது வெள்ளையாகப் போகிற தூரிகைக்குப் பின்னாலேயே சிவப்பு எழுந்து வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எலுமிச்சை மூடியால் தேய்த்தால் எழுத்து போய்விடும், ஆனால் முழுக்கப் போகாது. விளிம்பில் வெளிறிய கோடு ஒன்று நின்றுவிடும்.

விதிகள் இவ்வளவுதான். விளக்கு வைத்ததிலிருந்து நான் பேச மாட்டேன். அந்த மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு, மேல்துணி இல்லாமல், வளவில் பாயில் உட்கார்ந்திருப்பேன். முன்னால் சுண்ணாம்புக் கிண்ணம், தூரிகை, ஒரு தட்டில் நறுக்கிய எலுமிச்சை. ஒவ்வொருவராக வந்து என்னை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படிக் கூப்பிட வேண்டும். அந்தச் சொல்லை நான் வேட்டியில் எழுதுவேன். கூப்பிட்டவர் விரும்பினால் தன் கையால் அதை அழிக்கலாம். முகப்பில் நின்று இதை வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல நண்பர் ஒப்புக்கொண்டார். ஆத்தாவிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு, "எத்தனை பேருக்குச் சமைக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். "சார்." "டிராயிங் சார்." எழுதினேன். ஒரு சின்னப் பையன் தன் சொல் சிவந்து வருவதைக் குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான். அடுத்து, கோயில் கணக்கு வழக்கு பார்க்கிற பங்காளி பெரியவர் ஒருவர். நேராக நின்று, விலாசத்தோடு என் முழுப் பெயரையும், வரிப் பட்டியலில் வாசிப்பதுபோல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தப் பெயர் தொடையிலிருந்து முழங்கால்வரை நீண்டது.

இந்த வீட்டுக்கு வெகுகாலம் காவல் இருந்த பெரியவர் வந்தார். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பேத்தி கையைப் பிடித்து வந்து, "கூட்டிக்கிட்டு வந்த பிள்ளை" என்றார். வளவில் பேச்சு நின்றது. அந்தப் பெயர் ஊரில் எனக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவர் குரலில் துளி வன்மம் இல்லை. என்னை அப்படித்தான் அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். எழுதினேன். பேத்தி அதை அவருக்குப் படித்துக் காட்டியதும் பதறிப்போய் எலுமிச்சை மூடியை எடுத்துத் தடவித் தடவித் தேய்த்தார். எழுத்து போனது, விளிம்பு நின்றது. அவர் கையைப் பிடித்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். பேசக் கூடாது என்ற விதி அந்த இடத்தில் கனமாக இருந்தது.

கோட்டையூரில் என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவன் வந்தான். தூரத்திலிருந்தே என் முதல் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தான். பள்ளத்தூர் வளவில் அந்தப் பெயர் உரக்க ஒலித்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். எழுதி முடித்துத் தூரிகையைத் தூக்கியதும், அந்தப் பங்காளிப் பெரியவர் எழுந்து வந்தார். விதிப்படி அழிக்கும் உரிமை கூப்பிட்டவருக்குத்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. எலுமிச்சை மூடியை எடுத்தார், என் முன்னால் குனிந்தார், என் முதல் பெயரைத் தேய்த்து அழித்தார்.

தடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் அவர் கையைத் தள்ளவில்லை. அவர் நிமிர்ந்ததும் அதே இடத்தில் திரும்ப எழுதத் தொடங்கினேன். புளிப்பு ஊறிய துணியில் சுண்ணாம்பு உடனே சிவக்காது. முதல் இழுப்பில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாவது பூச்சில் லேசாக ஆரஞ்சு. அழுத்தி அழுத்தி எழுதின பிறகுதான் ஒவ்வொரு எழுத்தாக மேலே வந்தது. அவ்வளவு நேரமும் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மூடி இருந்தது. கடைசி எழுத்து சிவந்தபோது மூடியைத் தட்டில் வைத்துவிட்டு நாற்காலிக்குப் போனார்.

அப்புறம் நெருங்கியவர்கள் வந்தார்கள். அண்ணன் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "டேய்" என்றான். என் மனைவி, "இங்க பாருங்க" என்றாள். அயித்தை மகள், "அயித்தான்". பிள்ளைகள், "அப்பா". எல்லாவற்றையும் எழுதினேன். எழுதிக்கொண்டே வரும்போது எனக்கு ஒன்று புலப்பட்டது. அரசாங்கக் காகிதத்துக்காக நான் அவ்வளவு அலைந்த பெயரை எனக்கு வேண்டியவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் இழந்துவிட்டதாக நினைத்த முதல் பெயரையும் பள்ளித் தோழன் தவிர யாரும் சொல்லவில்லை.

என் இரண்டு ஆத்தாமார்களும் அந்தப் பெயர்களை ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இரண்டாவது பிள்ளை என்பதால் முதல் பெயர் சின்னாத்தாவின் அப்பச்சி பெயர். பெற்ற அப்பனின் பெயரைச் சொல்லி ஒரு பையனை அதட்ட முடியுமா? அதனால் அவருக்கு நான் சின்னத்தம்பி. இரண்டாவது பெயர் ஆத்தாவின் மாமனார் பெயர். அதை அவர் உதட்டால்கூட உச்சரிக்க மாட்டார். அவருக்கு நான் இந்தாப்பா, ராசா. என்னைக் கூட்டிக்கொண்ட பிறகு சின்னாத்தா அந்தச் ‘சின்ன’வை விட்டுவிட்டு வெறும் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினார். பள்ளத்தூரில் நான் ஒரே பிள்ளை, சின்னவன் ஆக முடியாதே. அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்.

சின்னாத்தா வந்தபோது தூரிகையைச் சுண்ணாம்பில் தோய்த்து வைத்துக்கொண்டேன். எதிரே பாயில் உட்கார்ந்தார். வேட்டியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தார், அழித்த இடங்களையும்கூட. "சின்னத்தம்பி" என்றார். நான் தூரிகையை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதே. எழுதினா அழிச்சுருவாங்க."

எழுதவில்லை. என் விதியை நானே மீறிய இடம் அது ஒன்றுதான், அதற்காக எனக்கு வருத்தமில்லை. அன்றைக்குச் சொன்ன சொற்களில் வேட்டிக்கு வராதது அது மட்டும்தான்.

ஆத்தா முதலிலிருந்து தூணோரம் நாற்காலியில் இருந்தார். வரிசையில் வரவே இல்லை. எல்லோரும் முடிந்த பிறகு, இருந்த இடத்திலிருந்தே, "இந்தாப்பா, நேரமாச்சு, வந்தவங்களுக்கு இலை போடச் சொல்லு" என்றார். "இந்தாப்பா" என்று எழுதினேன். நிகழ்வை எப்படி முடிப்பது என்று நான் திட்டமிட்டிருந்ததெல்லாம் வேறு. ஆனால் வீட்டுக்குப் பெரியவர் இலை போடச் சொன்ன பிறகு உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்தேன்.

பந்தி முடிந்து, எல்லோரும் போன பிறகு ஆத்தாவிடம் கேட்டேன், முதல் பெயரை அங்கே எழுதினது உங்களுக்குச் சங்கடமா என்று. "நான் உன்னைப் பெறலை. ஊரறிய வாங்கினேன்" என்றார். "பெத்தவளுக்குச் சந்தேகம் வரலாம், வாங்கினவளுக்கு என்ன சந்தேகம்?"

பங்காளிப் பெரியவர் மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். அவரைப் பற்றிச் சிலர் என்னிடம் கோபமாகப் பேசியதால் இதையும் எழுதிவிடுகிறேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "அந்தப் பேரை நீ இந்த வளவுலேயே எழுதினா, கூட்டினது செல்லாதுன்னு ஆயிடாதா?" என்று கேட்டார். அவருடைய பயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வீட்டின் பெயர் என் ஒருவன் மேல்தான் நிற்கிறது. நான் அசைந்தால் அவருடைய பெரியப்பாவின் பெயர் விழுந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். அதே சட்டத்தின் 15ஆம் பிரிவைச் சொன்னேன். முறையாக நடந்த தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது. நானே விரும்பினாலும் இந்த வீட்டு உறவை உதறிவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. "அப்ப எழுதிக்க" என்றார். காபி குடித்துவிட்டுப் போனார்.

சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவருக்கு அந்த வேட்டியைச் சட்டமிட்டுக் காட்சிக்கு வைக்க ஆசை. மாட்டேன் என்றேன். மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறும், சுண்ணாம்பு காற்றுப் பட்டுப் பட்டுக் காரம் இழக்கும், இப்போதே சிவப்பு பழுப்பேறிவருகிறது. அதற்காக மறுக்கவில்லை. பைப்பரின் அட்டையை ஒருவர் கையில் வாங்குவதற்கும், அதைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. வேலை அந்த வளவில், அந்த ஆட்கள் நடுவில் நடந்தது. வேட்டி அதன் மிச்சம்.

அந்த நண்பருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. இப்படிச் சொந்தக் கதையையே செய்துகொண்டிருப்பது தன்னை மட்டும் பார்த்துக்கொள்வதாகிவிடாதா என்று. நியாயமான கேள்வி. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு நான் யார் என்று கேட்கிற நிகழ்த்துகலைகளைப் பார்த்திருக்கிறேன், எனக்கும் அவற்றில் மனம் ஒட்டவில்லை. ஆனால் மற்றவர்கள் கையில் எலுமிச்சையைக் கொடுத்துவிட்டால் விஷயம் மாறிவிடுகிறது. காவல் பெரியவர் தேய்த்ததும், பங்காளி தேய்த்ததும், சின்னாத்தா மணிக்கட்டைப் பிடித்ததும் நான் எழுதி வைத்தவை அல்ல. அவர்கள் தங்கள் அடையாளத்தையும் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள்.

சின்னாத்தாவுக்கு இதில் ஒரு திருத்தம் இருக்கிறது. போன வாரம் கோட்டையூர் போயிருந்தபோது சொன்னார். அடுத்தது அந்த வீட்டு வளவில் செய்ய வேண்டுமாம். ஆனால் இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு உட்காரக் கூடாது. நான் ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டும், அவர்கள் தங்கள் துணியில் எழுதிக்கொள்வார்கள். "அன்னைக்கும் பேசலை, இன்னைக்கும் பேசலை, எப்பத்தான் பேசுவே?" என்றார்.

சின்னாத்தாவை நான் என்னவென்று கூப்பிடுவது? பள்ளத்தூர் வந்து ஆத்தாவிடமே கேட்டேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "பெத்தவளை ஆத்தான்னுதானே கூப்பிடுவாங்க. இதைப் போய் என்கிட்ட கேக்குறே" என்றார். கூடவே, அன்றைக்குத் தன்னையும் கோட்டையூருக்குக் காரில் கூட்டிப்போக வேண்டும் என்றும், தனக்கு ஒரு சேலையை மஞ்சள் முக்கி வைக்க வேண்டும் என்றும் சொன்னார். கோட்டையூர் வீட்டில் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு மாற்றுகிற வேலை நடக்கிறது. ஆனிக்குள் முடிந்துவிடும் என்று அண்ணன் சொல்கிறான். விரலி மஞ்சளுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.